ஒருசந்தி, சுத்தபோசனம்: தவக்காலத்தில் கத்தோலிக்கர்கள் நோன்பு இருப்பது ஏன்?

2026 பிப்ரவரியில் ஒரே வாரத்துக்குள் மூன்று விரதங்கள் வந்துவிட்டன. 15-ம் தேதி மகா சிவராத்திரி. 18-ம் தேதி சாம்பல் புதன். மறுநாளே ரமலான் நோன்பு. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில் இருக்கிற கெடார் பக்கத்து ஊர்களில் இந்த மூன்றையும் அக்கம்பக்கத்து வீடுகளிலேயே பார்க்கலாம். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு விரதம் இருப்பவர் ஒரு வீட்டில், சஹர் உணவுக்கு அலாரம் வைப்பவர் ஒரு வீட்டில், நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வேலைக்குக் கிளம்புபவர் இன்னொரு வீட்டில்.

முதல் இரண்டு விரதங்களும் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சட்டெனப் புரிந்துவிடும். மூன்றாவதுதான் கொஞ்சம் குழப்பும். "விரதம்னு சொல்றீங்க, ஆனா மீன் குழம்பு வாசனை வருதே?" என்று கேட்காத அண்டைவீட்டார் குறைவு. நியாயமான கேள்விதான். பதில் சொல்ல, பழைய கத்தோலிக்கத் தமிழில் உள்ள இரண்டு சொற்களிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒன்று, ஒருசந்தி. இன்னொன்று, சுத்தபோசனம். ஒருசந்தி என்றால் ஒரு நாளில் ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு. சுத்தபோசனம் என்றால் இறைச்சியைத் தவிர்ப்பது. இவை இரண்டும் வேறு வேறு கட்டளைகள். இன்றைய தலைமுறை இரண்டையும் சேர்த்து 'நோன்பு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதால்தான் குழப்பம். பாட்டிமார்களைக் கேட்டால் தெளிவாகப் பிரித்துச் சொல்வார்கள்.

சட்டம் கேட்பது எவ்வளவு?

உண்மையில் மிகக் குறைவு. 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, ஒருசந்தி கட்டாயமான நாட்கள் ஆண்டுக்கு இரண்டே இரண்டு: சாம்பல் புதன், பெரிய வெள்ளி. அன்று ஒரு வேளை முழு உணவு. மற்ற இரு வேளை கொஞ்சமாக ஏதாவது சாப்பிடலாம், இரண்டும் சேர்ந்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டின் அளவுக்கு வரக் கூடாது. 18 வயது நிறைந்தவர்களில் தொடங்கி 59 வயது நிறைவது வரை இது பொருந்தும். சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. அதற்கு மேல் வரம்பு இல்லை. சாம்பல் புதனிலும் பெரிய வெள்ளியிலும் மட்டுமல்ல, எல்லா வெள்ளிக்கிழமைகளுக்கும் உண்டு. ஆனால் அந்தந்த நாட்டு ஆயர் பேரவை இதற்குப் பதிலாக வேறு தவ முயற்சியையோ அறச்செயலையோ வைக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

வெள்ளி ஏன்? இயேசு சிலுவையில் இறந்த நாள். மீன் ஏன் தப்பித்தது? தடை, நிலத்து விலங்குகள், பறவைகளின் இறைச்சிக்குத்தான். இறைச்சி என்பது விருந்தின் அடையாளம், துக்க நாளில் விருந்து வேண்டாம் என்பதே எண்ணம். முட்டை, பால், நெய்யெல்லாம் ஒரு காலத்தில் ஐரோப்பாவில் விலக்கப்பட்டிருந்தன. ஈஸ்டருக்கு முட்டை தருகிற வழக்கம் பெரிதானதற்கும் அது ஒரு காரணம். 1966 பிப்ரவரியில் திருத்தந்தை ஆறாம் பவுல் விதிகளை எளிமையாக்கினார். முட்டைக்கும் பாலுக்கும் தடை இல்லை என்பது அதில் எழுத்திலேயே இருக்கிறது.

சட்டப்படி பார்த்தால் கருவாட்டுக் குழம்பும் சரி, இறால் பிரியாணியும் சரி. ஆனால் வெள்ளிக்கிழமை கறிக்குப் பதிலாக வஞ்சிரம் வறுவல் தேடிப் போகிறவர் சட்டத்தைக் காப்பாற்றிவிட்டு நோன்பைத் தொலைத்துவிடுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும். கடலிலிருந்து தள்ளி இருக்கிற கெடார், முகையூர் பக்கம் நல்ல மீன் சில நேரம் கோழிக்கறியைவிட விலை அதிகம்!

நாற்பது எங்கிருந்து வந்தது?

பொதுப் பணியைத் தொடங்கும் முன் இயேசு பாலைநிலத்தில் 40 நாள் உண்ணாமல் இருந்தார் என்கிறது நற்செய்தி. அதற்கு முன்பே சீனாய் மலையில் மோசேயும், ஓரேபு மலைக்கு நடந்த எலியாவும் 40 நாள் கணக்குக்கு உரியவர்கள். கி.பி. 325-ல் கூடிய நீசேயா பொதுச்சங்கத்தின் விதிகளிலேயே இந்த நாற்பது நாள் பற்றிய குறிப்பு வந்துவிட்டது.

நாட்காட்டியை எடுத்து எண்ணிப் பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். 2026-ல் பிப்ரவரி 18 முதல் ஏப்ரல் 4, புனித சனி வரை எண்ணினால் 46 நாள் வருகிறதே? நடுவில் உள்ள ஆறு ஞாயிறுகளைக் கழித்துவிட வேண்டும். ஞாயிறு உயிர்ப்பின் நாள். அன்று நோன்பு கிடையாது. தவக்காலம் முழுக்க கறி தொடாத குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமையும் தொடுவதில்லை என்றால், அது அவர்களாக எடுத்துக்கொண்ட ஒறுத்தல். தாடி வளர்ப்பது, காபி, டீயை விடுவது, பூ வைக்காமல் இருப்பது, கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது எல்லாம் இப்படித்தான். வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்களின் விரதமும் நேர்த்திக்கடன்தான், கட்டளை அல்ல.

தமிழ் மண்ணில் இந்தத் தாராளம் வேரூன்றியதில் வியப்பில்லை. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, சந்நியாசிகளைப் போலப் புலாலை அறவே விட்டு, நாளுக்கு ஒரு வேளை மட்டும் உண்டார். அவருக்குப் பின் வந்த அருளானந்தரும் அதே வழியில் பண்டாரசாமியாக வாழ்ந்தார். அன்றைய ரோமையின் விதிகளைவிடக் கடுமையான இந்த வாழ்க்கை, ஊர் மக்கள் ஒரு துறவியிடம் எதிர்பார்த்தது. 'தபசு காலம்', 'விபூதி புதன்' என்ற பெயர்களெல்லாம் அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான்.

பசித்தவருக்கு நோன்பு எதற்கு?

கரும்பு வெட்டுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற ஒருவர் காலையில் கஞ்சி குடித்துவிட்டுப் போய், மதியம் வரை வெயிலில் நிற்கிறார். அவரிடம் போய் ஒரு வேளையை விடு என்று கேட்பது சரியா? திருச்சபையின் பதில், கேட்க வேண்டாம் என்பதுதான். நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கடும் உடலுழைப்பில் இருப்பவர்கள் ஆகியோருக்கு ஒருசந்தி கட்டாயமில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், பங்குச் சாமி சொல்லட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவர் சொல்படி சாப்பிட வேண்டும். அதில் பாவம் எதுவும் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எசாயா நூலின் 58-ம் அதிகாரம், நோன்பு நாளிலேயே தன் வேலையாட்களைக் கசக்கிப் பிழிபவரைக் கடுமையாகச் சாடுகிறது. பசித்தவரோடு உணவைப் பகிர்வதும், கட்டுண்டவரை அவிழ்த்து விடுவதும்தான் கடவுள் கேட்கும் நோன்பு என்பது அதன் வாதம். சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளியன்றும் மறுநாள் சனியன்றும் திருப்பலியில் வாசிக்கப்படுவது இந்த அதிகாரம்தான். கூலியாளுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தைக் குறைத்துவிட்டு, மாலையில் சிலுவைப் பாதைக்கு வந்து நிற்கிற நிலத்துக்காரருக்கு அதைவிட நேரடியான வாசகம் இல்லை.

ஆக, ஒருசந்தியில் மிச்சமாகிற அந்த ஒரு வேளை எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். ஆதித் திருச்சபையின் போதகர்கள் இதில் ஒரே குரலில் பேசினார்கள்: விட்ட உணவின் விலை ஏழைக்குப் போக வேண்டும். அகுஸ்தினாரும் பெரிய லியோவும் தங்கள் மறையுரைகளில் நோன்பையும் ஈகையையும் பிரிக்கவே இல்லை. இந்தியாவில் கரித்தாஸ் அமைப்பு ஆண்டுதோறும் தவக்காலத்தில் பசிக்கும் நோய்க்கும் எதிராக நிதி திரட்டுகிறது. பல பங்குகளில் வீட்டுக்கு ஒரு சிறு உண்டியலோ கவரோ கொடுக்கப்படுவது இதற்காகத்தான். பிள்ளைகள் தின்பண்டக் காசைப் போட்டு, பெரியவர்கள் கறிக்காசைப் போட்டு, கடைசியில் கோயிலில் ஒப்படைப்பார்கள்.

நோன்பு சொந்தக் கணக்காக மட்டும் முடிவதில்லை என்பதற்கு அண்மை உதாரணங்களும் உண்டு. சிரியாவின் அமைதிக்காக 2013 செப்டம்பர் 7-ம் தேதியும், உக்ரைனுக்காக 2022 சாம்பல் புதனன்றும் நோன்பிருக்கும்படி திருத்தந்தை பிரான்சிஸ் கேட்டுக்கொண்டார். 2025 ஆகஸ்ட் 22-ம் தேதி திருத்தந்தை பதினான்காம் லியோவும் அமைதிக்காக அப்படியே கேட்டார்.

2026-ல் பெரிய வெள்ளி ஏப்ரல் 3. அன்று திருப்பலி கிடையாது. பிற்பகலில் பாடுகளின் வாசகமும் சிலுவை ஆராதனையும்தான். அது முடிந்ததும் பல ஊர்களில் கோயில் வளாகத்திலேயே கஞ்சி ஊற்றுவார்கள், எந்த மதத்தினர் வந்தாலும் வாங்கிக் குடிக்கலாம். சனி இரவு பாஸ்கா திருவிழிப்பில், தவக்காலம் முழுக்கப் பாடாமல் வைத்திருந்த அல்லேலூயாவை மறுபடி பாடுவார்கள். ஞாயிறு விடியும்போது கறிக்கடையில் வரிசை நிற்கும்.