அகத்தி நிழலில் ஒரு கொடிக்கால்

சித்திரை வெயிலில் தாமிரபரணிக் கரையில் உள்ள ஏரலிலிருந்து ஆத்தூர்ப் பக்கம் போனால், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே மெல்லிய பச்சைக் கூரை வேய்ந்தாற்போல ஒரு தோட்டம் கண்ணில் படும். குனிந்து உள்ளே நுழைந்தால் வெக்கை சட்டென்று அடங்கும். காலடியில் ஈரம், மூக்கில் லேசான காரம். அதுதான் வெற்றிலைக் கொடிக்கால். கொடிக்கு ஊன்றிய கால் இங்கே உயிருள்ள மரம்: அகத்தி.

ஆஸ்திரேலியாவின் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978-இல் வெளியிட்ட நூலின் வழியே ‘பெர்மாகல்ச்சர்’ என்ற சொல் உலகெங்கும் பரவியது. காட்டைப் போல அடுக்கடுக்காகப் பயிர் வைப்பது, ஒன்றின் கழிவை இன்னொன்றுக்கு உணவாக்குவது, வெளியிலிருந்து வாங்குவதைக் குறைப்பது என்பது அதன் சாரம். இதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களை நான் முதலில் கொடிக்காலுக்குத்தான் அழைத்துப் போவேன். இன்று பல கொடிக்கால்களில் கடை உரமும் மருந்தும் விழுகின்றன, உண்மைதான். ஆனால் அமைப்பு மாறவில்லை.

வெற்றிலை மிளகின் நெருங்கிய உறவு. காட்டில் பெரிய மரங்களின் அடியில், சிதறி விழும் வெளிச்சத்தில் வாழப் பழகிய கொடி. நேர்வெயில் பட்டால் இலை மஞ்சளாகித் தடிக்கும். நிழல் மிஞ்சினால் கொடி நோஞ்சானாகும். இரண்டுக்கும் நடுவே அதை நிறுத்தி வைப்பதில்தான் கொடிக்கால்காரரின் கைத்திறன் முழுவதும் இருக்கிறது.

முதலில் மேட்டுப்பாத்திகளை எடுத்து, இடையிடையே ஓடை வெட்டுவார்கள். பாத்தியில் அகத்தி விதைத்து, கன்று ஒன்றரை மாதம் வளர்ந்த பிறகு அதன் அடியில் கொடித்துண்டுகளை நடுவார்கள். அகத்தி அவரைக் குடும்பத்து மரம். அதன் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். அவற்றில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்துக்கு உணவாக மாற்றித் தருகின்றன. அகத்தியின் உதிர்ந்த இலையும் மடிந்த வேரும் மட்கும்போது அந்தச் சத்தில் ஒரு பங்கு கொடிக்கும் போய்ச் சேர்கிறது. நிழல் தந்து, ஊன்றாக நின்று, உரமும் கொடுக்கும் மரம் வேறென்ன இருக்கிறது!

தண்ணீருக்குத் தாமிரபரணி. ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம். 19-ஆம் நூற்றாண்டில் கட்டியது. அதிலிருந்து வடகாலும் தென்காலும் பிரிந்து, மின்சாரம் இல்லாமலே, நிலத்தின் சரிவிலேயே தண்ணீரைக் கொண்டுபோகின்றன.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று புகுந்து இந்தச் சமவெளியைப் புரட்டி எடுக்கும். மழை மலையிலேயே கொட்டிவிடும்; இங்கே வருவது வறண்ட காற்றுதான். ஆனால் அந்த மழையே அணைகளில் தேங்கி, கார் சாகுபடிக்கு ஆற்றில் இறங்கி வரும். காற்றைத் தடுக்கக் கொடிக்காலைச் சுற்றி நெருக்கமாக வாழை நிற்கும். கொடியை அகத்தியோடு கட்டுவதற்கும் அதே வாழையின் நார்தான். வெயில் கடுமையாக இருக்கும்வரை அகத்தியின் தழையைத் தொடமாட்டார்கள்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே அரிவாள் வேலை ஆரம்பமாகிவிடும். அகத்தியின் கிளைகளைக் கழித்துக் கூரையைத் திறந்துவிடுவார்கள். வெளிச்சத்துக்காக மட்டும் அல்ல. வெற்றிலையின் பெரிய எதிரி வாடல் நோய். அதை உண்டாக்கும் நுண்ணுயிரியின் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போகக்கூடியவை. தேங்கிய ஓடையும் காற்றில்லாத ஈரமும் அவற்றுக்குக் கொண்டாட்டம். ஒரே வாரத்தில் ஒரு வரிசைக் கொடி முழுவதும் துவண்டுவிடும். அதனால் மழைக்காலத்தில் ஓடைக்கு வேலை தலைகீழாக மாறுகிறது: கோடையில் நீர் பாய்ச்சிய அதே ஓடை, இப்போது நீரை வடித்து வெளியேற்ற வேண்டும். கழித்த தழை ஆட்டுக்குப் போகும். அமாவாசைகளில் மாட்டுக்குக் கொடுக்க அகத்திக்கீரை தேடுவோரும் உண்டு.

எனக்கு மிகப் பிடித்த வேலை கொடி இறக்குவது. ஒரு வருடத்துக்குள் கொடி அகத்தியின் உச்சியை எட்டிவிடும். அதற்கு மேல் இலை சிறுக்கும், பறிக்கவும் எட்டாது. அப்போது கட்டுகளை அவிழ்த்து, கொடி முறியாதபடி இரண்டு கைகளிலும் தாங்கி மெதுவாகக் கீழே இறக்குவார்கள். இலை உதிர்ந்த அடித்தண்டை மரத்தின் அருகே வளையமாகச் சுருட்டி மண்ணால் மூடுவார்கள். தளிர்முனையை மட்டும் மறுபடி மரத்தில் ஏற்றிக் கட்டுவார்கள். கணுவில் விரல் வைத்துப் பார்த்தால் குட்டி வேர்கள் துருத்திக்கொண்டு நிற்கும். மரத்தைப் பற்றிக்கொள்ள வந்த அந்த வேர்களே, மண் கிடைத்ததும் சத்து உறிஞ்சத் தொடங்கும். வயதான கொடி இப்படிப் புது வேரோடு மீண்டும் இளமையாகும்.

2023-இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம் ஏரல் பாலத்தை உடைத்தது, ஊர் தனித்தீவானது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை பெய்தது. இந்தப் படுகையின் நெல்லும் வாழையும் வெற்றிலையும் நீரில் மூழ்கின.

நெல் அழிந்தால் குதிரில் விதை இருக்கும். வெற்றிலையை விதையிலிருந்து யாரும் பயிரிடுவதில்லை. தண்டு வெட்டி நட்டே இத்தனை தலைமுறையாக அது நம்மிடம் வந்திருக்கிறது. ஒரு கொடிக்கால் அழுகினால், அடுத்தவர் கொடிக்காலிலிருந்து துண்டு வாங்கித்தான் மறுபடி தொடங்க முடியும். அந்த அடுத்த கொடிக்காலும் இல்லாமல் போனால் நாட்டுக்கொடி என்ற வெற்றிலை ரகமே இந்த மண்ணில் இருக்காது. ஆகவே கோடையில் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதையும், மழைக்கு முன்னால் வடிகால் தூர்வாரப்படுவதையும் பொதுப்பணிக் கணக்காக மட்டும் பார்க்காதீர்கள். கொடிக்கால் உள்ள ஊர்களில் இவை இரண்டையும் முதல் வேலையாகச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.