மத்தளயில் கட்டிய விமான நிலையம்: சந்தியில் கடை போடுபவருக்கு ஒரு பாடம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு என் மூத்த சகோதரியின் மகன் கடைக்கு வந்தான். கையில் ஒரு பைல். உள்ளே பன்னிரண்டு அறைகள் கொண்ட கெஸ்ட் ஹவுஸ் ஒன்றின் வரைபடம், வங்கியில் வாங்கிய கடன் விண்ணப்பப் பத்திரம், அவன் உம்மாவின் காணி உறுதியின் பிரதி.

"மாமா, மீமுரைக்குப் போற வேன் எல்லாம் நம்ம சந்தியிலதானே நிக்குது. படுக்க ஒரு இடம் கட்டினா நிறையாதா?" என்று கேட்டான்.

நம் ஊரை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கண்டி–மஹியங்கனை வீதியில் தெல்தெனியவைத் தாண்டி மலையேறினால் வரும் சிறிய பசார் ஹுன்னஸ்கிரிய. லூலுவத்த வழியாக மீமுரைக்குப் போகும் பாதை இங்கேதான் பிரிகிறது. நக்கிள்ஸ் மலைகள் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. இப்போது நீண்ட விடுமுறை வந்தால் வேன்களும் மோட்டார் சைக்கிள்களும் சந்தியில் வரிசையாக நிற்கின்றன. தேநீர், பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல், டோர்ச் பெட்டரி எல்லாம் நன்றாக ஓடும். அதனால் மருமகனின் கேள்வி வெறும் ஆசை அல்ல. கண்ணால் கண்டதை வைத்துத்தான் கேட்டான்.

நான் அவனுக்கு உடனே பதில் சொல்லவில்லை. "மத்தளயைப் பற்றித் தெரியுமா?" என்று கேட்டேன். அன்று அவனிடம் சொன்னதை இந்தப் பத்தியில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். புதிதாகக் கட்டிடம் எழுப்ப நினைக்கும் சகோதரர்கள் பலர் இருக்கிறீர்கள்.

மத்தளயில் நடந்தது என்ன?

ஹம்பாந்தோட்டை மாவட்டத்தின் மத்தளயில் நாட்டின் இரண்டாவது சர்வதேச விமான நிலையம் 2013 மார்ச் 18ஆம் திகதி திறக்கப்பட்டது. செலவு ஏறக்குறைய 209 மில்லியன் டொலர். அதில் 190 மில்லியன் சீன எக்ஸிம் வங்கியின் கடன். ஓடுபாதையின் நீளம் 3,500 மீற்றர். கட்டுநாயக்கவின் ஓடுபாதையை விடவும் நீளமானது. உலகிலேயே பெரிய பயணிகள் விமானமான ஏ380 கூட இறங்கலாம். ஆண்டுக்கு ஒரு மில்லியன் பயணிகளை ஏற்கும் வகையில் கட்டினார்கள்.

கட்டியவர்கள் சொன்ன காரணமும் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. தெற்கே அழகான கடற்கரை இருக்கிறது. யால வனவிலங்குப் பூங்கா பக்கத்தில். கதிர்காமம் பக்கத்தில். புதிய துறைமுகமும் அருகில். விமான நிலையம் வந்தால் உல்லாசப் பயணிகள் நேரடியாக வந்து இறங்குவார்கள் என்றார்கள்.

நடந்தது வேறு. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2015 ஜனவரியில் தன் சேவையை நிறுத்தியது. அதே ஆண்டில் சரக்குக் கட்டிடங்களில் நெல் மூட்டைகளைச் சேமித்து வைத்தார்கள். 2016இல் ஓடுபாதைப் பக்கம் வரும் காட்டு மிருகங்களை விரட்ட நூற்றுக்கணக்கான படையினரும் பொலிஸாரும் இறக்கப்பட்டனர். அதே ஆண்டில் 'ஃபோர்ப்ஸ்' சஞ்சிகை இதை உலகிலேயே மிகவும் வெறுமையான சர்வதேச விமான நிலையம் என்று எழுதியது. ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஃப்ளைடுபாயும் 2018 ஜூனில் நின்றுவிட்டது. பிறகு 2020 டிசம்பரில் உக்ரேனிலிருந்தும், 2022 டிசம்பரில் ரஷ்யாவிலிருந்தும் உல்லாசப் பயணிகளுடன் விமானங்கள் வந்தன. அவ்வப்போது கொஞ்சம் உயிர் வந்தது உண்மைதான். ஆனால் கட்டும்போது போட்ட கணக்குக்கும் வந்த ஆட்களுக்கும் இடையில் இருந்தது மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

அரசியல்வாதிகள் இதை வைத்து ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்வார்கள். அது நம் வேலை அல்ல. வியாபாரி பார்க்க வேண்டியது கணக்கை.

விமானக் கம்பனி எப்படிக் கணக்குப் பார்க்கிறது?

விமான நிலையம் தானாகப் பணம் சம்பாதிப்பதில்லை. விமானம் இறங்கும் கட்டணம், தரிப்புக் கட்டணம், பயணியிடம் வாங்கும் கட்டணம், உள்ளே இருக்கும் கடைகளின் வாடகை, இவைதான் வரவு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: விமானக் கம்பனி அங்கே வர விரும்ப வேண்டும்.

விமானக் கம்பனியின் கணக்கு நம் லொறிக்காரரின் கணக்கைப் போன்றது. நான் மிளகும் கராம்பும் ஏற்றிக் கண்டிக்கு லொறி அனுப்பினால், திரும்பும்போது அரிசியோ சீனியோ ஏற்றிக்கொண்டு வர வேண்டும். வெறும் லொறி திரும்பி வந்தால் போன பயணத்தின் இலாபத்தை டீசல் தின்றுவிடும். விமானத்துக்கும் அதே நியாயம். வரும்போதும் ஆள் வேண்டும், போகும்போதும் ஆள் வேண்டும். ஒரு நாள் மட்டும் அல்ல, வாரத்துக்கு வாரம் வேண்டும்.

கட்டுநாயக்கவில் இது கிடைக்கிறது. வெளிநாட்டில் வேலை செய்பவர்கள், உம்ரா போகிறவர்கள், வியாபாரிகள், மாணவர்கள், உல்லாசப் பயணிகள், விமானத்தின் வயிற்றில் ஏற்றும் சரக்கு எல்லாம் ஒரே இடத்தில் சேர்கின்றன. 2018இல் அங்கே பயணிகள் எண்ணிக்கை 10 மில்லியனைத் தாண்டியது. மத்தளயைச் சுற்றி இருந்ததோ காடும் வயலும் சிறு பட்டணங்களும். பொத்துவில், அக்கரைப்பற்றுப் பக்கத்துச் சகோதரர்களுக்கு கட்டுநாயக்கவை விட மத்தள கிட்டத்தான். ஆனால் கிட்ட இருந்து என்ன பயன்? ஜித்தாவுக்கும் தோஹாவுக்கும் கட்டுநாயக்கவில்தானே விமானம் நிற்கிறது. ஆள் இல்லாததால் விமானம் வரவில்லை. விமானம் இல்லாததால் ஆளும் வரவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெந்தோட்டை, ஹிக்கடுவ, உனவட்டுன, வெலிகம, மிரிஸ்ஸ போன்ற பிரபலமான கடற்கரைகள் எல்லாம் கொழும்பிலிருந்து தெற்கே போகும் வழியில் இருக்கின்றன. தெற்கு அதிவேகப் பாதை 2011இல் காலி வரைக்கும், 2014இல் மாத்தறை வரைக்கும் திறந்தது. அதனால் கட்டுநாயக்கவில் இறங்கும் பயணிக்கு இந்தக் கடற்கரைகள் இன்னும் கிட்டவாகிவிட்டன. மத்தள வரைக்கும் அந்தப் பாதை வந்ததோ 2020 பெப்ரவரியில். அதாவது கடை திறந்து ஏழு வருடம் கழித்து வாசலுக்குப் பாதை வந்தது. அடுத்த மாதமே கொரோனா வந்து விமானங்களும் நின்றுவிட்டன.

வேறு நாடுகளில் எப்படிச் செய்தார்கள்?

கடற்கரைக்காக விமான நிலையம் கட்டினால் எப்போதும் நட்டம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. மெக்சிக்கோவில் கன்கூன் என்று ஒரு இடம் உண்டு. 1970 வரை அங்கே தென்னந்தோட்டமும் மணலும் சில குடிசைகளும்தான். இன்று அதன் விமான நிலையத்தை 2022இலும் 2023இலும் ஆண்டுக்கு 30 மில்லியனுக்கு மேற்பட்ட பயணிகள் பாவித்திருக்கிறார்கள்.

இரகசியம் என்ன? அந்தத் திட்டத்தைத் தொடங்கியது மெக்சிக்கோவின் மத்திய வங்கி. விமான நிலையத்தை மட்டும் அவர்கள் கட்டவில்லை. பாதை, தண்ணீர், மின்சாரம், ஹோட்டல் வரிசை, ஊழியர்கள் குடியிருக்க ஒரு பட்டணம், விமான நிலையம் எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில் சேர்த்துச் செய்தார்கள். ஹோட்டல்காரர்கள் முதலில் தயங்கியபோது அரசே முதல் ஹோட்டல்களுக்குப் பணம் கொடுத்தது. 1970களின் நடுவில் விமானம் வந்தபோது படுக்கக் கட்டிலும் தயாராக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாடிக்கையாளர் பக்கத்து வீட்டில் இருந்தார். அமெரிக்காவின் மியாமியிலிருந்து கன்கூனுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம் கூட இல்லை. குளிரில் நடுங்கும் கோடிக்கணக்கான பணக்காரர்கள் வட பக்கத்தில் காத்திருந்தார்கள்.

அவ்வளவு முதல் நம்மிடம் இல்லை என்பீர்கள். சரி, மாலைதீவைப் பாருங்கள். மாசி ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு வந்து நம் வியாபாரிகளோடு கொடுக்கல் வாங்கல் செய்த சிறு நாடு. அவர்கள் ஹுலுலே தீவில் சிறிய ஓடுபாதை ஒன்றை 1966இல் திறந்தார்கள். 1972இல் குரும்பா தீவில் முதல் உல்லாச விடுதி தொடங்கியது. ஏறக்குறைய 30 அறைகள்தான். ஆட்கள் வந்தார்கள், பக்கத்துத் தீவுகளிலும் விடுதிகள் எழும்பின. அதற்குப் பிறகுதான் ஓடுபாதையைப் பெரிதாக்கி 1981இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். 2024இல் மாலைதீவுக்குப் போன உல்லாசப் பயணிகள் 2 மில்லியனைத் தாண்டினார்கள்.

கன்கூன் பெரிய முதலோடு எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தது. மாலைதீவு சிறிதாகத் தொடங்கி வாடிக்கையாளரின் பின்னால் வளர்ந்தது. மத்தளயில் கட்டிடம் முதலில் வந்தது, வாடிக்கையாளர் பிறகு வருவார் என்று காத்திருந்தார்கள்.

கடன் காத்திருக்காது

வாடிக்கையாளர் வரத் தாமதமாகலாம். தவணை தாமதமாகாது. மத்தளயையும் கட்டுநாயக்கவையும் நடத்துவது ஒரே அரச நிறுவனம்தான். அதனால் கட்டுநாயக்க உழைத்த பணம் மத்தளயின் நட்டத்தைச் சுமந்தது. நம்மில் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறோம்! பெரிய கடையின் இலாபத்தை எடுத்துக் கிளைக் கடையின் வாடகை கட்டுவோம். "அடுத்த சீசனுக்குச் சரியாகிவிடும்" என்று நம்மையே தேற்றிக்கொள்வோம். கடைசியில் கிளையோடு சேர்ந்து தாய்க்கடையும் மெலிந்துவிடும்.

வட்டி இல்லாத வழியில் பணம் எடுத்தோம் என்பதால் மட்டும் இந்த ஆபத்து நீங்காது. முராபஹா முறையில் எடுத்தாலும் தவணை தவணைதான்; வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கட்ட வேண்டும். இலாப நட்டத்தில் பங்கு சேரும் முஷாரகாவில்தான் பணம் தருபவரும் நம்மோடு சேர்ந்து யோசிப்பார். அவர் பங்கு சேரத் தயங்கினால், ஏன் தயங்குகிறார் என்று நாமும் ஒரு தரம் யோசிப்பது நல்லது.

உல்லாசப் பயண வியாபாரம் எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. நம் நாட்டுக்கு 2018இல் 2.3 மில்லியன் பயணிகள் வந்தார்கள். பிறகு 2019 ஏப்ரலில் குண்டுகள் வெடித்தன, 2020இல் கொரோனா வந்தது, 2022இல் எரிபொருள் வரிசை. 2024இல்தான் எண்ணிக்கை மறுபடி 2 மில்லியனைத் தாண்டியது. ஐந்து வருடம் அறைகள் வெறுமையாகக் கிடந்தால் எந்தத் தவணை தாங்கும்?

மருமகனிடம் கேட்ட மூன்று கேள்விகள்

இவ்வளவும் சொல்லிவிட்டு மூன்று கேள்விகள் கேட்டேன்.

ஒன்று: வேனில் வருபவர்கள் நம் சந்தியில் ஏன் நிற்கிறார்கள்? படுக்கவா, தேநீர் குடிக்கவா? அவர்கள் படுக்க விரும்புவது மீமுரையில், ஆற்றங்கரையில். நம் சந்தி அவர்களுக்கு வழி. போய்ச் சேரும் இடம் அல்ல. வழியில் இருப்பவன் வழிக்குத் தேவையானதை விற்க வேண்டும்.

இரண்டு: சனி, ஞாயிறு, போயா விடுமுறை தவிர்ந்த நாட்களில் பன்னிரண்டு அறைக்கும் யார் வருவார்? லொறி திரும்பி வரும்போது என்ன ஏற்றுவாய்?

மூன்று: ஒரு வருடம் ஒருவரும் வராவிட்டால் தவணையை எந்தப் பணத்தில் கட்டுவாய்? அந்தக் கேள்விக்கு அவன் பைலைப் பார்த்தான். அதில் இருந்தது என் சகோதரியின் ஒரே சொத்து. அவர் விதவை. அந்த வீட்டில்தான் அவரும் இன்னும் கலியாணமாகாத மகளும் இருக்கிறார்கள்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப ஒண்டுமே செய்ய வேணாம் எண்டா சொல்றீங்க மாமா?" என்று கேட்டான். கோபம் இருந்தது, நியாயம்தான்.

அப்படிச் சொல்லவில்லை. சந்தியில் சுத்தமான கழிவறை இல்லை என்று பயணிகள் என் கடையிலேயே குறைப்படுகிறார்கள். பெண்கள் தொழுவதற்கு ஒதுக்கமான இடமும் இல்லை. காலையில் சுடச்சுட ரொட்டியும் சம்பலும், ஹலால் பகல் சாப்பாடு பார்சல், வாடகைக்குக் கூடாரம், மீமுரைக்கு ஜீப் ஒழுங்கு செய்து கொடுப்பது, வீட்டோடு இரண்டு அறை. இதற்கு உறுதியை அடகு வைக்கத் தேவையில்லை. ஒரு வருடம் நடத்திப் பார்த்து, "படுக்க இடம் இருக்கா?" என்று எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று கொப்பியில் எழுதி வைக்கட்டும். அந்தக் கொப்பி நிறைந்தால் மூன்றாவது அறையை நானே முன்னின்று கட்டித் தருவேன் என்றேன்.

அவன் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆனால் போகும்போது கடன் பத்திரத்தை மேசையில் விட்டுவிட்டு, காணி உறுதியின் பிரதியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனான். பத்திரம் என் லாச்சியில் இருக்கிறது.

சகோதரர்களே, மத்தளயின் ஓடுபாதையில் ஒரு குறையும் இல்லை. நல்ல நீளம். குறை கணக்கில்தான். கட்டிடத்துக்கு அத்திவாரம் தோண்டுவதற்கு முன் வாடிக்கையாளரை எண்ணிப் பாருங்கள். அவர் எங்கிருந்து வருகிறார், எதற்காக வருகிறார், திரும்பவும் வருவாரா என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு கட்டுங்கள்.