சூதுமனையிற் சீட்டு வழங்கும் தொழில்

சூது என்றதும் நம்மவர்க்குச் சகுனியே நினைவுக்கு வருவான். அமெரிக்காவிற் குடியேறிய என் பழைய மாணாக்கன் ஒருவன், லாஸ் வேகஸ் நகரத்துச் சூதுமனைகளிற் சீட்டு வழங்கும் தொழிலைப் பயிலலாமா என்று எழுதிக் கேட்டபோது எனக்கும் அவ்வாறே தோன்றிற்று. விசாரித்தறிந்த பின்னர் அவ்வெண்ணம் பிழையெனக் கண்டேன்.

அந்நகரம் அமைந்த நெவாடா மாநிலத்திலே 1931ஆம் ஆண்டு முதல் சூதாட்டம் சட்டப்படி நடைபெற்று வருகின்றது. சீட்டு வழங்குவோர் மனையின் சம்பளக்காரர். ஆட்டத்திலே தம் விருப்பப்படி செய்வதற்கு அவர்க்கு ஒன்றுமில்லை. பிளாக்ஜாக் என்னும் ஆட்டத்திலே தம் கைச்சீட்டுக்களின் கூட்டுத்தொகை 16 ஆயின், இன்னுமொரு சீட்டை எடுத்தே தீரவேண்டும். எடுப்பதா விடுவதா என்று சிந்திக்கும் உரிமை எதிரே இருக்கும் ஆட்டக்காரர்க்கே உண்டு.

இத்தொழிலைக் கற்பிப்பதற்கென்றே அங்கு பள்ளிகள் உள்ளன. ஓர் ஆட்டத்தைக் கற்கச் சில வாரங்கள் போதும். பலவற்றைக் கற்க மாதங்கள் செல்லும். அடிச்சீட்டுப் பிறர் கண்ணிற் படாதவாறு 52 சீட்டுக்களையும் கலைத்துக் கட்டுவதற்கு விரல்கள் நாளடைவிற் பழகிவிடும். பலரை இடறச் செய்வது கணக்கே. றூலெற் சக்கரத்திலே ஓர் எண்ணின்மீது வைத்த வில்லை வென்றால் 35 மடங்கும், இரண்டு எண்களுக்கு நடுவே கோட்டின்மீது வைத்தது வென்றால் 17 மடங்கும் கொடுக்கவேண்டும். ஒருவர் எண்ணின்மீது மூன்றும் கோட்டின்மீது இரண்டும் வைத்து வென்றாரெனின், 105உம் 34உம் சேர்த்து 139 வில்லைகளைத் தயக்கமின்றி எண்ணித் தள்ளவேண்டும். காகிதமுமில்லை, பென்சிலுமில்லை. பதினேழாம் வாய்பாட்டை எதற்காகப் பாடமாக்குவது என்று வகுப்பிலே முணுமுணுத்தவர்களுள் இம்மாணாக்கனும் ஒருவன்!

மேசையை விட்டு விலகும்போது இரு கைகளையும் விரித்து, கூரையிலுள்ள கமெராக்களுக்கு வெறுங்கை காட்டுதல் வேண்டும். இதனை இழிவென்று கருதுவோர் இத்தொழிலை நாடாதிருத்தல் நன்று.

வேலை தேடுவோர்க்கு 21 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். மாநில அதிகாரிகளிடம் பதிவு செய்துகொள்ளுதலும் வேண்டும். பள்ளிச் சான்றிதழை மட்டும் நம்பி எவரும் வேலை கொடார். மேசையிலே நிறுத்தி, சிறிது நேரம் சீட்டு வழங்கச் செய்து பார்த்த பின்னரே முடிவு கூறுவர். புதியவர்கள் பெரும்பாலும் சிறிய மனைகளிலேதான் தொடங்குகின்றனர்.

சம்பளமோ, சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலியை ஒட்டியது. நாம் 'சந்தோஷம்' என்று சொல்கின்ற, ஆட்டக்காரர் மனமுவந்து கொடுக்கும் காசே வருமானத்தின் பெரும்பகுதி. பெரிய மனைகளில் அதனை ஒன்றுதிரட்டிப் பங்கிட்டுக்கொள்வர். 2006இல் ஒரு பெரிய மனை, மேற்பார்வையாளர்க்கும் அதிற் பங்குண்டு என்று விதித்தது. சீட்டு வழங்குவோர் எதிர்த்து வழக்காடினர். 2013இல் மாநில உயர் நீதிமன்றம் மனையின் பக்கமே தீர்ப்பளித்தது.

மாணாக்கனுக்கு எழுதிய மறுமொழியில் இந்த வழக்கைத்தான் முதலிற் குறிப்பிட்டேன். சம்பளம் எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்பு, சந்தோஷக் காசு யார் யாருக்குப் பங்கிடப்படுகின்றது என்று விசாரி என்றேன். இப்போது பள்ளியிற் சேர்ந்துவிட்டான். வாய்பாட்டை மீண்டும் பாடமாக்குவதாக எழுதியிருக்கின்றான்.