பேசாத குழந்தைக்குக் கையின் துணை

மூன்று வயது நிரம்பியும் ‘அம்மா’ என்றோ ‘தண்ணீர்’ என்றோ வாய் திறவாத ஆட்டிசக் குழந்தைக்குச் சைகை கற்பிக்கலாம் என்று பேச்சுப் பயிற்சியாளர் யோசனை கூறும்போது, பெற்றோரின் மனத்தில் முதலில் எழுவது பெரும்பாலும் பயமே. கையால் கேட்டுப் பெறப் பழகிவிட்டால் வாயால் கேட்கவேண்டிய அவசியமே இல்லாமற் போய்விடுமே என்ற அந்தப் பயம் இயற்கையானதுதான். ஆயினும் ஆராய்ச்சி அதற்கு ஆதரவு தரவில்லை. 2006-ஆம் ஆண்டில் மில்லர், லைட், ஷ்லாஸர் என்னும் மூவர், வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களுக்குச் சைகையும் பிற துணைச் சாதனங்களும் கற்பித்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து, அவற்றுள் நம்பத்தக்க முறையில் நடந்தவற்றிலிருந்து 27 பேரின் நிலையைப் பரிசீலித்தபோது, ஒருவருக்கேனும் பேச்சுக் குறைந்ததாகக் காணவில்லை. பெரும்பாலோருக்கு அது வளர்ந்தே இருந்தது. அந்த வளர்ச்சி பலருக்குச் சொற்பமே என்பதையும் மறைக்கலாகாது.

உண்மையில் ஆட்டிசத்தில் குறைவது ஓசை மட்டுமன்று. பால்டிமோர் நகரில் லியோ கானர் 1943-ஆம் ஆண்டில் விவரித்து எழுதிய 11 குழந்தைகளில் மூவர் பேசவே இல்லை. ஏனைய எண்மர் பேசினார்கள் என்றாலும், தம் மனத்திலுள்ளதைப் பிறருக்குத் தெரிவிக்கும் சாதனமாக அப்பேச்சுப் பயன்படாமையால், இவ்விரு சாராருக்கும் அவ்வகையில் அடிப்படையான பேதமில்லை என்றே அவர் கருதினார். தன் செய்கை ஒன்றைக் கண்டு எதிரே இருப்பவர் தான் விரும்பியதைத் தருகிறார் என்னும் ஞானம் முதலில் குழந்தைக்கு உதயமாகவேண்டும். அதற்கு வாய்தான் வாயில் என்பதில்லை.

கைக்கு இங்கே ஒரு விசேஷம் உண்டு. நாக்கைப் பிடித்து ஓர் எழுத்தைச் சொல்லவைக்க எந்த ஆசிரியராலும் இயலாது. கையையோ மெல்லப் பற்றிச் சைகையின் உருவத்தை அமைத்துக் காட்டி, அக்கணமே கேட்ட பண்டத்தைக் கொடுத்து, நாளடைவில் பிடியைத் தளர்த்தி, முழங்கையில் ஒரு தொடுதல் போதும் என்றாக்கி, கடைசியில் வெறுமனே காத்திருக்கலாம். குழந்தை கையை இழுத்துக்கொண்டால் விட்டுவிடவேண்டும். பலாத்காரத்தால் சம்பாஷணை பிறவாது.

இங்கிலாந்தில் சைகை கற்பிக்கும் முறைக்கு ஒரு திட்டமான வடிவம் தந்தவர் மார்கரெட் வாக்கர். 1970-களின் தொடக்கத்தில் சர்ரேயிலுள்ள பாட்லிஸ் பார்க் மருத்துவமனையில் வசித்த, காதும் கேளாமல் அறிவு வளர்ச்சியும் குன்றிய பெரியவர்களுக்காக, பிரிட்டிஷ் சைகை மொழியிலிருந்து தேர்ந்த சைகைகளைக் கொண்டு அவர் வகுத்த மேக்கடன் என்னும் முறை, பிற்பாடு ஆட்டிசக் குழந்தைகளுக்கும் பிரயோகமாயிற்று. பெரியவர் வாக்கியத்தை முழுமையாக வாயால் சொல்லி, முக்கியமான சொல்லுக்கு மட்டும் சைகை காட்டுவதே அதன் வழி. காது கேளாதோரின் சைகை மொழி தனக்கென இலக்கணம் உடைய பூரணமான பாஷை. இது அதிலிருந்து சில சொற்களைக் கடன் பெற்றுப் பேச்சுக்குத் துணை நிறுத்துவதோடு சரி.

எந்தச் சைகையை முதலில் கற்பிப்பது என்பதில்தான் வீடுகளில் தவறு நேர்கிறது. ‘வணக்கம்’, ‘நன்றி’ என்று மரியாதையிலிருந்து தொடங்குவதை நான் ஒப்பமாட்டேன். பந்து, ஊஞ்சல், பிஸ்கட் என்று குழந்தை உயிரையே விடும் பொருள்களிலிருந்து தொடங்கவேண்டும்; அடுத்து, ‘வேண்டாம்’, ‘உதவி’. எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்னும் இருவர் 1985-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கடினமான பாடத்திலிருந்து தப்பவோ பிறர் கவனத்தைப் பெறவோ முரண்டு பிடித்த குழந்தைகள், தம் தேவையைச் சொல்லக் கற்றபின் அம்முரண்டைக் குறைத்துக்கொண்டார்கள். சொல்ல வழியற்ற மறுப்பே பல வேளைகளில் அடியாகவும் கடியாகவும் வெளிப்படுகிறது.

கற்பிக்கிறவர் எங்கே உட்காருகிறார் என்பதும் அற்ப விஷயமன்று. சைகை மொழியே தாய்மொழியாக வளர்ந்த ஆட்டிசக் குழந்தைகளை ஆராய்ந்த ஆரன் ஷீல்டும் ரிச்சர்ட் மையரும், அவர்களுள் சிலர் உள்ளங்கையைத் திசைமாற்றிச் சைகை செய்வதை 2012-இல் எடுத்துக்காட்டினார்கள். எதிரே இருப்பவரின் கை தம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே செய்வதால் விளைவது இது. ஆகையால் பக்கத்தில் அமர்ந்து, இருவர் கையும் ஒரே திசையில் இருக்கக் காட்டுவது உசிதம் என்று தோன்றுகிறது. விரல்கள் இணங்கி வராத குழந்தைகளுக்குச் சைகையைவிடப் படஅட்டை சுலபமாகலாம். அதை உபயோகிப்பதில் குறைவொன்றுமில்லை.

தாய் ஒருத்தி மட்டும் அறிந்த சைகை அவள் இல்லாத இடத்தில் பயன்படாது. தந்தை, பாட்டி, அண்ணன், பள்ளி ஆயா ஆகிய எல்லாரும் கற்றிருக்கவேண்டும். சைகையோடு சேர்ந்து என்றைக்கேனும் அரைகுறையாக ஓர் ஒலி வருமானால், முழுச் சொல்லும் வரட்டும் என்று பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காமல், உடனே கொடுத்துவிடவேண்டும்.