தஞ்சை மரபில் நீரிழிவும் தாவர உணவுகளும்: பெயர், வடிவம், அளவு

ஆய்வுச் சுருக்கம்

தாவர உணவுகள் நீரிழிவைக் கட்டுப்படுத்தத் துணைசெய்யும் என்னும் கருத்து இன்று பரவலாக உள்ளது. அப்பயன் தாவரத்தின் பெயரால் மட்டும் அமைவதன்று. உண்ணும் வடிவத்தாலும் அளவாலும் அமைவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நீரிழிவு, செயல்பாட்டு உணவு, பத்தியம், வெந்தயம், கவுனி

முன்னுரை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. அரிசியே முதன்மை உணவாக உள்ள காவிரிப் படுகையில் இது அன்றாடச் சோறு பற்றிய வினாவும் ஆகிறது. ஊட்டம் தருவதோடு உடல்நலத்திற்குத் தனிநன்மையும் பயக்கும் உணவைச் 'செயல்பாட்டு உணவு' என்பர். 1980களில் ஜப்பானில் உருவான இக்கருத்து, தமிழ் மருத்துவ மரபுக்குப் புதியதன்று.

தஞ்சை மருத்துவ மரபு

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை நிறுவினார். அம்மரபில் தோன்றி, சரசுவதி மகால் நூலகத்தால் பதிப்பிக்கப்பெற்ற சரபேந்திரர் வைத்திய முறைகள் வரிசையில், நீரிழிவுக்கெனத் தனி நூலே உண்டு. இந்நோய்க்குச் சித்த மருத்துவர் வழங்கும் ஆவாரைக் குடிநீரில் ஆவாரையுடன் கொன்றை, நாவல், கடலழிஞ்சில், மருதம், கோட்டம், கோரைக்கிழங்கு ஆகியனவும் சேர்கின்றன. குடிநீர், சூரணம் என வடிவமும், அளவும், பத்தியமும் வகுத்தே மருந்து தரப்படுகிறது. இன்று ஆவாரம்பூத் தேநீராகக் கடைகளில் விற்கப்படுவதில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் பெயரே எனலாம்.

வெந்தயம்: அளவின் இன்றியமையாமை

வெந்தயத்தின் நார்ப்பொருள் குடலில் கூழாகிச் சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வில், முதல்வகை நீரிழிவு நோயாளருக்குக் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி நாளொன்றுக்கு 100 கிராம் என 10 நாள் உணவில் தரப்பட்டது. வெறும்வயிற்றுச் சர்க்கரை குறைந்தது. ஒரு தேக்கரண்டி வெந்தயமோ ஏறத்தாழ 4 கிராம்தான். ஆய்வில் கண்ட பயனை, தாளிப்பில் இடும் சிறிதளவிடம் எதிர்பார்த்தல் பொருந்தாது.

அரிசி: வடிவத்தின் இன்றியமையாமை

திருத்துறைப்பூண்டிப் பகுதியில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்களால் மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் முதலிய மரபு நெல்வகைகள் மீண்டும் வயலுக்கு வந்தன. கருப்புக் கவுனியின் நிறமிகளும் நார்ப்பொருளும் தவிட்டடுக்கிலேயே செறிந்துள்ளன. தீட்டினால் அவை நீங்கும். தீட்டாத அரிசியும் மாவுப்பொருளே ஆதலால், அளவு மிகின் சர்க்கரை உயரும். செட்டிநாட்டு விருந்துகளில் கவுனி, சர்க்கரை சேர்ந்த இனிப்பாகவே பரிமாறப்படுகிறது என்பதும் இங்கு எண்ணத்தக்கது. நெல்லின் பெயர் நோயாளரைக் காப்பதில்லை. சோற்றின் அளவைக் குறைத்து, அவ்விடத்தைக் காய்களாலும் பயறுகளாலும் நிரப்புதலே முதற்படி.

எச்சரிக்கை

உணவை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்துதல் உயிருக்கே ஊறு விளைக்கலாம். மருந்துண்போர் பாகற்சாறு போன்றவற்றை மிகுதியாகச் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும். எனவே மருத்துவரிடம் கூறியே இவற்றைத் தொடங்குதல் வேண்டும்.

முடிவுரை

தாவர உணவு மருந்துக்குத் துணையாகுமேயன்றி மாற்றாகாது. தஞ்சை மரபு பெயரோடு அளவையும் பத்தியத்தையும் இணைத்தே வைத்திருந்தது. அவ்விணைப்பை மீட்பதே அம்மரபை உண்மையில் பின்பற்றுவதாகும் என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது.