மின்னேற்ற நிலையம்: இடமறிந்து அமைப்போம்

மின் வாகனங்களுக்கான பொது மின்னேற்ற நிலையங்களை எங்கே அமைப்பது என்ற கேள்விக்கு, மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் எளிய விடையொன்றைத் தந்தன. நகரங்களில் மூன்று கிலோமீட்டருக்கு மூன்று கிலோமீட்டர் என வகுக்கப்படும் ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு நிலையம். நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று. தொடக்கக் காலத்தில் இப்படியோர் அளவுகோல் இருப்பது நல்லதே. ஆனால், நிலத்தை அளப்பதும் தேவையை அளப்பதும் ஒன்றல்ல. 2024-இல் அறிவிக்கப்பட்ட 'பி.எம். இ-டிரைவ்' திட்டத்தில் பொது மின்னேற்ற நிலையங்களுக்கென ரூ.2,000 கோடி ஒதுக்கப்பட்டுள்ள நிலையில், இந்த வேறுபாட்டை வெறும் வகுப்பறை விவாதமாக ஒதுக்கிவிட முடியாது.

பள்ளிக்கோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ இடம் தேடும்போது மக்கள் எங்கே வசிக்கிறார்கள் என்று பார்க்கிறோம். அங்கே தேவை வீடுகளில் இருக்கிறது. விரைவு மின்னேற்றத்துக்கான தேவையோ பயணங்களில் இருக்கிறது. கனடாவின் புவியியல் பேராசிரியர் ஹாட்ஜ்சன் 1990-இல் இதை ஒரு கணித மாதிரியாகவே வடித்தார். ஒரே வாகனம் ஐந்து சந்திப்புகளைக் கடக்கிறது என்பதற்காக ஐந்திலும் நிலையம் வைப்பது, ஒரே வாடிக்கையாளரை ஐந்து முறை எண்ணுவதாகும் என்பது அதன் சாரம். 2005-இல் கியூபி, லிம் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் அதனுடன் மற்றொன்றைச் சேர்த்தனர்: வண்டி எவ்வளவு தொலைவு ஓடும் என்ற வரம்பு.

இதைச் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் பொருத்திப் பார்க்கலாம். 40 யூனிட் மின்கலம் கொண்ட கார், யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்ற கணக்கில் 240 கிலோமீட்டர் ஓடும். அதன் உரிமையாளர் இரவில் வீட்டிலேயே மின்னேற்றிக்கொண்டு விடியற்காலையில் புறப்படுகிறார். செங்கல்பட்டைக் கடக்கும்போது அவருடைய மின்கலத்தில் முக்கால் பங்குக்கு மேல் மிச்சமிருக்கும். அங்கே அவர் ஏன் நிற்க வேண்டும்? திரும்பி வரும்போதும், செங்கல்பட்டை எட்டியவர் வீட்டையும் எட்டிவிடவே விரும்புவார்; அங்கு மின்சாரம் மலிவு. ஆகவே நகரை விட்டு வெளியேறியதும் வரும் முதல் 100 கிலோமீட்டரில் வரிசையாக விரைவு மின்னேற்றிகளை நிறுவினால், அவற்றுள் பல நாள் முழுதும் ஈயோட்டிக் கொண்டிருக்கும்.

ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் உள்ள விக்கிரவாண்டியின் நிலை வேறு. கும்பகோணம், தஞ்சாவூர் செல்லும் சாலை அங்கேதான் பிரிகிறது. சேலம் செல்லும் சாலை பிரியும் உளுந்தூர்பேட்டை அதற்கு அப்பால் இருக்கிறது. மூன்று திசைகளின் போக்குவரத்தும் பிரிவதற்கு முன் ஒன்றாகக் கடக்கும் இடம் அது. சென்னையிலிருந்து வருபவரின் மின்கலம் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். திருச்சியிலிருந்து வருபவருக்கு அதற்கும் குறைவு. போதாக்குறைக்குச் சிற்றுண்டிக்கு வண்டிகள் நிற்கும் பழக்கம் அங்கே ஏற்கெனவே உண்டு. 20 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடு வரைதான் மின்கலம் விரைந்து ஏறும். அதற்கு ஆகும் அரை மணி நேரமும், இரண்டு இட்லியும் ஒரு காபியும் சாப்பிடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே.

நிலையங்களின் எண்ணிக்கையைச் சாதனையாகக் காட்டும் ஆர்வத்தில் நாம் மறப்பது இன்னொன்று. அண்மையில் உறவினர் ஒருவருடன் பயணம் செய்தபோது, வழியில் ஒரு நிலையத்தில் ஒரே ஒரு மின்னேற்றி. இரண்டு கார்கள் காத்திருந்தன, மூன்றாவது வந்த வழியே திரும்பியது. டென்மார்க்கின் எர்லாங், தொலைபேசி இணைப்பகங்களுக்காக நூறாண்டுக்கு முன் வகுத்த கணக்கு இங்கும் பொருந்தும். வாகனங்கள் முன்னறிவிப்பின்றி வருகின்றன, ஒவ்வொரு மின்னேற்றியும் பாதி நேரம் வேலை செய்கிறது என்று கொள்வோம். நான்கு இடங்களில் ஒவ்வொன்றாக வைத்தால், வருபவர்களில் சரிபாதிப் பேர் காத்திருக்க நேரும். அதே நான்கையும் ஓரிடத்தில் வைத்தால் காத்திருப்போர் ஏறத்தாழ 17 விழுக்காடுதான். ஒன்று பழுதானாலும் மூன்று இருக்கும். மின்மாற்றியும் உயரழுத்த மின்பாதையும் நான்கு முறை அமைக்கும் செலவும் மிச்சம்.

முதலீட்டாளரின் கணக்கும் இதையே சொல்கிறது. 60 கிலோவாட் மின்னேற்றி இடைவிடாது இயங்கினால் நாளொன்றுக்கு 1,440 யூனிட் வழங்கும். பத்து கார்கள் வந்து ஆளுக்கு 20 யூனிட் ஏற்றினாலும் அதன் திறனில் ஏழில் ஒரு பங்கே பயன்படும். ஆனால், நிலையான கட்டணமும் கடன் வட்டியும் கார்கள் வந்தாலும் வராவிட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் நகரின் விளிம்பில் எதுவுமே வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறு மக்களுக்காக. நாள் முழுதும் ஓடும் வாடகை கார்களுக்கு விரைவு மின்னேற்றி தேவை. அவை விமான நிலையம், கிளாம்பாக்கம் பேருந்து முனையம் போன்ற இடங்களில் சவாரிக்காகக் காத்துக் கிடக்கின்றன. சொந்த வாகன நிறுத்தம் இல்லாத வாடகைக் குடியிருப்பாளருக்கு வேண்டியது விரைவன்று. இரவில் வண்டி நிற்கும் இடத்தில் மெதுவாக ஏற்றும் மலிவான இணைப்பு. மெட்ரோ நிலைய வாகன நிறுத்தங்களில் அதற்கு இடமிருக்கிறது. மின் வாகனம் சொந்த வீடு உள்ளவர்களின் வசதியாக மட்டும் நின்றுவிடுமா என்பது இந்த மெதுவான இணைப்புகளைப் பொறுத்தது. மானியத்தில் ஒரு நல்ல பங்கு இவற்றுக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து.

இவ்வளவையும் ஊகித்துத் தீர்மானிக்க வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி முதல் சுங்கச்சாவடிகளில் 'ஃபாஸ்டேக்' கட்டாயம். பரனூரைக் காலையில் கடந்த கார்களில் எத்தனை விக்கிரவாண்டியையும் கடந்தன, எத்தனை அன்று மாலையே திரும்பின, பொங்கல் விடுமுறையின் கடைசி நாளில் அந்த எண்ணிக்கை எத்தனை மடங்காகிறது என்பதெல்லாம் அந்தப் பதிவுகளில் இருக்கின்றன. வாகன எண்களை நீக்கிவிட்டு அவற்றை மின்வாரியத்துக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வழங்க நெடுஞ்சாலை ஆணையம் முன்வந்தால், அடுத்த நிலையத்துக்கு இடம் குறிக்கும் முன்பே அந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.