வலிக்கு நடுவே ஒரு பனிப் பள்ளத்தாக்கு

தீக்காயத்தின் கட்டைப் பிரித்துத் தூய்மை செய்யும் வேளையே நோயாளி மிகவும் அஞ்சும் வேளை. வலிநீக்கி மருந்து கொடுத்த பின்னும் அவ்வலி முழுவதும் அடங்குவதில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகிய இரு ஆய்வாளர்கள் இதற்கென ஒரு விளையாட்டை அமைத்தனர். 'ஸ்னோவேர்ல்டு' என்பது அதன் பெயர். கண்களை மூடிய மெய்நிகர் கருவிக்குள் நோயாளி பனிப் பள்ளத்தாக்கில் மிதந்து செல்கிறார். பனிமனிதர்கள் மீதும் பென்குயின்கள் மீதும் பனியுருண்டை எறிகிறார். நெருப்பில் வெந்தவருக்குப் பனியைக் காட்டியது எத்துணைப் பொருத்தம்!

வலியை உணரவும் மனத்தின் கவனம் வேண்டும். அக்கவனத்தின் பெரும்பகுதியை விளையாட்டு எடுத்துக்கொள்வதால் வலிக்குக் கிடைப்பது குறைகிறது. இது மருந்துக்குத் துணையேயன்றி மாற்று அன்று.

முதன்முறை அணிபவருக்குக் காட்சி மங்கலாகத் தெரியலாம். பட்டையையும் வில்லைகளின் இடைவெளியையும் சரிசெய்தால் தெளியும். சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகும். நகர்வதாகக் கண் சொல்ல, அசையவில்லை என்று உட்செவி சொல்வதே காரணம். ஆகவே அமர்ந்தோ படுத்தோ சில நிமிடங்களே தொடங்குவது நன்று. குமட்டினால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே கழற்றச் சொல்லுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் முன்னதாகவே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

உடனிருப்போருக்கு ஒரு சொல்: கருவி அணிந்தவர் உங்களைக் காணமாட்டார். கையைத் தொடுமுன் பெயர் சொல்லி அழையுங்கள்.